செரினிட்டிஓஎஸ்: ஐஎஸ்ஓவே இல்லாத இயங்குதளத்தை வீட்டுக் கணினியில் கட்டி ஓட்டுவது எப்படி?

என் அக்கா மகன் புதுச்சேரி லாஸ்பேட்டையில் அறை எடுத்துத் தங்கி இஞ்சினியரிங் படிக்கிறான். ஒரு ராத்திரி போன் செய்து, "மாமா, செரினிட்டின்னு ஒரு ஓஎஸ் இருக்காமே, அதோட ஐஎஸ்ஓ எங்க கிடைக்கும்? தேடித் தேடி கண்ணு பூத்துப்போச்சு" என்றான். "கிடைக்காது மாப்ள, அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. (ஐஎஸ்ஓ என்றால் ஓர் இயங்குதளத்தை நிறுவ நாம் இறக்கிக்கொள்ளும் வட்டுக் கோப்பு.)

அதற்கப்புறம் மூன்று ராத்திரி கடலூரில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல, அங்கே அவன் அடித்தான். நாலாவது நாள் அவன் லேப்டாப்பில் செரினிட்டியின் முகப்பு வந்து நின்றது. அந்த மூன்று ராத்திரிகளின் குறிப்புகள்தான் இது. அதனால் கட்டளைகளையும் போனில் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள். எங்கே பெரிய எழுத்து என்று அங்கங்கே சொல்கிறேன்.

இது என்ன, ஏன் இப்படி?

செரினிட்டிஓஎஸ் என்பது கெர்னலில் (வன்பொருளை நேரடியாக ஆளும் மையப் பகுதி) இருந்து கால்குலேட்டர் வரை எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கும் ஓர் இயங்குதளம். லினக்ஸின் கிளை அல்ல. உள்ளே யூனிக்ஸ் மாதிரி நடந்துகொள்ளும், வெளியே 1990களின் விண்டோஸ் மாதிரி சாம்பல் நிறப் பொத்தான்களோடு இருக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த ஆந்த்ரியாஸ் க்ளிங் 2018இல் தொடங்கினார். அதற்கு முன் ஆப்பிளில் வெப்கிட் உலாவி எந்திரத்தில் வேலை பார்த்தவர். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்த நாட்களில், நேரத்தை உருப்படியாகப் போக்க ஆரம்பித்த வேலை இது. பெயரே அந்த மீட்சிக் கூட்டங்களில் சொல்லப்படும் பிரார்த்தனையிலிருந்து வந்தது. 2024இல் அவர் லேடிபேர்ட் உலாவியைத் தனித் திட்டமாகப் பிரித்து எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். செரினிட்டியை மற்ற பங்களிப்பாளர்கள் நடத்துகிறார்கள். உரிமம் பிஎஸ்டி இரண்டு பிரிவு வகை, எனவே யாரும் எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

அதிகாரபூர்வ வெளியீடு, பதிவிறக்கப் பக்கம், நிறுவல் வட்டு என்று எதுவும் கிடையாது. மறதியால் விட்டுப்போனதல்ல, வேண்டுமென்றே எடுத்த முடிவு. இதை ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் மூலநிரலை எடுத்து நாமே கட்ட வேண்டும். கட்டத் தெரிந்தவன் பிழையைப் பார்த்தால் திருத்தவும் கை வைப்பான் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்று: உங்கள் அன்றாட வேலைக்கு மாற்று ஓஎஸ் தேடி வந்திருந்தால் இது அதுவல்ல. லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

முதலில் வரிசையை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

இதில் சிக்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் சிக்குகிறார்கள். திரையில் ஓடும் ஆயிரம் வரிகளில் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று தெரிவதில்லை. கட்டம் தெரிந்துவிட்டால் பிழைச்செய்தி பாதி புரிந்துவிடும்.

உங்கள் லினக்ஸுக்கென்று ஒரு கம்பைலர், அதாவது மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் நிரல், இருக்கிறது. அது லினக்ஸுக்கான நிரலைத்தான் உருவாக்கும். அதை வைத்து, செரினிட்டிக்கான நிரலை உருவாக்கத் தெரிந்த இன்னொரு கம்பைலரைக் கட்ட வேண்டும். இதைத்தான் டூல்செயின் என்கிறார்கள். அந்த இரண்டாவது கம்பைலர்தான் கெர்னலையும், நூலகங்களையும், பயன்பாடுகளையும் கட்டும். கட்டியதெல்லாம் ஒரு கோப்புறைக்குள் குவியும். அந்தக் குவியலை ஒரு வட்டுப் படமாக அடைக்க வேண்டும். கடைசியில் க்யூஎமு என்கிற போலிக் கணினி அந்தப் படத்தை வட்டு என்று நம்பி பூட் செய்யும்.

ஆக உள்ளூர்க் கம்பைலர், டூல்செயின், ஓஎஸ், வட்டுப் படம், க்யூஎமு. என் மருமகனை இதை ஒரு தாளில் எழுதி லேப்டாப் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன். பிழை வந்து போன் செய்தால் என் முதல் கேள்வி, "எத்தனாவதுல நிக்கிற?"

கணினி

8 ஜிபி ரேம் இருந்தால் ஓட்டலாம், 16 இருந்தால் சுகம். வட்டில் 40 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைவாகவும் முடியும், ஆனால் நடுவில் இடம் தீர்ந்து போனால் அழுகை வரும். எஸ்எஸ்டி இருப்பது நல்லது. பழைய சுழல் வட்டில் கட்டினால் கெடிலத்துக்கு அந்தப் பக்கம் போய் வந்தாலும் முடிந்திருக்காது.

உபுண்டு 24.04 போட்டிருந்தால் தலைவலி குறைவு. அதன் இயல்பான கம்பைலர் ஜிசிசி 13. செரினிட்டி சி பிளஸ் பிளஸ் மொழியின் மிகப் புதிய வசதிகளைத் தயங்காமல் பயன்படுத்தும் திட்டம் என்பதால் பழைய உபுண்டுவில் உள்ள கம்பைலர் முதல் கட்டத்திலேயே கையை விரித்துவிடும்.

விண்டோஸ் மட்டும் இருக்கிறவர்கள் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லின் இரண்டாம் பதிப்பில் செய்யலாம். இரண்டு விஷயங்கள் முக்கியம். மூலநிரலை லினக்ஸ் பக்கத்து ஹோம் கோப்புறையில் வைக்க வேண்டும், சி டிரைவில் வைக்கக் கூடாது. சி டிரைவில் வைத்தால் ஒவ்வொரு சின்னக் கோப்பும் இரண்டு உலகங்களுக்கு நடுவே போய் வந்து, வேகம் மாட்டு வண்டியாகிவிடும். அடுத்தது, டபிள்யூஎஸ்எல் வழக்கமாக உங்கள் ரேமில் பாதியைத்தான் லினக்ஸுக்குக் கொடுக்கும். 8 ஜிபி கணினியில் 4 ஜிபிதான் மிஞ்சும், கட்டும்போது கம்பைலர் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். டபிள்யூஎஸ்எல் அமைப்புக் கோப்பில் ரேமையும் ஸ்வாப்பையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பயாஸில் ஒரு வேலை. இன்டெல் என்றால் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி, ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும் அமைப்பை ஆன் செய்யுங்கள். அப்புறம் லினக்ஸில் உங்கள் பயனரை கேவிஎம் (க்யூஎமுவுக்கு பிராசசரை நேரடியாகப் பயன்படுத்தக் கொடுக்கும் வசதி) குழுவில் சேர்க்க வேண்டும்: சூடோ, யூசர்மாட், கழித்தல் ஏ, கழித்தல் பெரிய ஜி, கேவிஎம், உங்கள் பயனர்பெயர். சேர்த்த பிறகு ஒருமுறை லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். இதைச் செய்யாவிட்டாலும் செரினிட்டி ஓடும்; ஆனால் க்யூஎமு ஒவ்வொரு கட்டளையையும் தானே மொழிபெயர்த்து ஓட்டுவதால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி அடுத்த பஸ்ஸில் வரும்.

மூலநிரலை எடுப்பது

மூலநிரலை இறக்கவும் மாற்றங்களைக் கண்காணிக்கவும் உதவும் கிட் இல்லாவிட்டால் அதை மட்டும் முதலில் நிறுவுங்கள். கிட்ஹப்பில் செரினிட்டிஓஎஸ் என்ற அமைப்பின் கீழ் செரினிட்டி என்ற களஞ்சியம் இருக்கிறது. அதன் முகவரியைப் போட்டு கிட் க்ளோன் செய்யுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறவர்கள், கழித்தல் கழித்தல் டெப்த் 1 என்று சேர்த்தால் பழைய வரலாறு இல்லாமல் இன்றைய நிலை மட்டும் இறங்கும், டேட்டா மிச்சம். பின்னால் பங்களிக்க முடிவு செய்தால் கிட் ஃபெட்ச், கழித்தல் கழித்தல் அன்ஷாலோ என்று கொடுத்து முழு வரலாற்றையும் எடுத்துக்கொள்ளலாம்.

தேவையான தொகுப்புகளை நிறுவுவதற்கு முன்பே க்ளோன் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தொகுப்புகளின் பட்டியல் உள்ளே டாக்குமென்டேஷன் கோப்புறையில், பில்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் என்ற கோப்பில் உள்ளது. பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். யாரோ எப்போதோ எழுதிய பட்டியலை நம்பாமல் நீங்கள் இறக்கிய நிரலோடு வந்ததையே நகலெடுத்து ஒட்டுங்கள். ஏப்ட் இன்ஸ்டால் என்று தொடங்கும் நீளமான வரி அது. அதில் சீமேக், நிஞ்சா இரண்டும் எதை எந்த வரிசையில் கட்டுவது என்று மேற்பார்க்கிறவை. சிகேஷ், ஒருமுறை கட்டியதை நினைவில் வைத்துக்கொண்டு மறுமுறை வேலையைக் குறைக்கும். ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்றும் ஜிசிசிக்குத் தேவையான கணித நூலகங்கள். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் டூல்செயின் தொடங்கிய சில நிமிடங்களில் நின்றுவிடும்.

டூல்செயின்

க்ளோன் செய்த கோப்புறைக்குள் நின்றுகொண்டு கொடுக்க வேண்டியது இது: மெட்டா, சாய்கோடு, செரினிட்டி புள்ளி எஸ்ஹெச், இடைவெளி, ரீபில்ட் கழித்தல் டூல்செயின். மெட்டாவில் எம் பெரிய எழுத்து.

சூடோ போட்டு, அதாவது முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக, ஓட்டாதீர்கள். ரூட்டாக ஓட்டினால் கட்டிய கோப்புகள் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும் என்று ஸ்கிரிப்டே மறுத்துவிடும். பிழை வந்தாலே முன்னால் சூடோ சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு எப்படியோ தொற்றியிருக்கிறது.

இப்போது ஜிசிசி கம்பைலர், அதன் துணைக் கருவிகளான பின்யூட்டில்ஸ் இரண்டின் மூலநிரலும் இறங்கும், செரினிட்டிக்கான ஒட்டுகள் அவற்றில் போடப்படும், அப்புறம் கட்டுமானம். என் பழைய ஐ5 லேப்டாப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சித்திரை வெயிலில் கட்டினால் இன்னும் கூடும், ஏனென்றால் சூடு ஏறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரேம் குறைவாக இருந்தாலோ, லேப்டாப் தோசைக்கல் மாதிரி கொதித்தாலோ, மேக்ஜாப்ஸ் என்ற சூழல் மாறியை 2 என்று வைத்து ஓட்டுங்கள். பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில். ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள்தான் நடக்கும். மெதுவாகப் போகும், ஆனால் போய்ச்சேரும்.

இறக்கிய தொகுப்புகள் டூல்செயின் கோப்புறைக்குள் டார்பால்ஸ் என்ற இடத்தில் கிடக்கும். விடுதியில் நான்கு பேர் செய்வதாக இருந்தால் ஒருவர் இறக்கி, பென்டிரைவில் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடலாம். ஸ்கிரிப்ட் அவற்றின் செக்சம்மை, அதாவது கோப்பு முழுதாக இருக்கிறதா என்று காட்டும் எண்ணை, சரிபார்த்து, சரியாக இருந்தால் மறுபடி இறக்காது. அரைகுறையாக இறங்கியிருந்தால் அதுவே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுக்கும்.

ஓஎஸ்ஸைக் கட்டுவது

இனிமேல் ஒரே கட்டளைதான்: மெட்டா, சாய்கோடு, செரினிட்டி புள்ளி எஸ்ஹெச், இடைவெளி, ரன். இது கட்டும், அடைக்கும், க்யூஎமுவைத் திறக்கும்.

டூல்செயின் முடிந்ததும் இனி இணையம் வேண்டாம் என்று ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடாதீர்கள். யூனிகோடு தரவு, நேர மண்டலத் தரவு, சான்றிதழ்கள் போன்றவற்றை இந்தக் கட்டத்தில்தான் இறக்கும். என் மருமகன் அணைத்துவிட்டு, சீமேக் பிழை என்று அரை மணி நேரம் சண்டை போட்டான். அவை பில்ட் கோப்புறைக்குள் கேஷஸ் என்ற இடத்தில் சேமிக்கப்படும், அடுத்த முறை தேவைப்படாது.

முதல் கட்டுமானம் ஆயிரக்கணக்கான கோப்புகள். நிஞ்சா எத்தனையில் எத்தனை முடிந்தது என்று காட்டிக்கொண்டே வரும். வார்னிங் என்று வரும் எச்சரிக்கைகளை விட்டுத்தள்ளுங்கள், சிவப்பில் எரர் என்று வந்தால் மட்டும் பாருங்கள். பல வேலைகள் ஒன்றாக ஓடுவதால் உண்மையான பிழை கடைசி வரியில் இருக்காது. மேலே ஏறிப்போய் முதல் எரர் எங்கே என்று தேட வேண்டும்.

கட்டி முடித்து, வட்டுப் படம் அடைக்கும்போது சூடோ கடவுச்சொல் கேட்கலாம். படத்தை மவுண்ட் செய்து கோப்புகளை நகலெடுக்க அது வேண்டும். ஃப்யூஸ்2எஃப்எஸ் நிறுவியிருந்தால் கேட்காது. இதை நிறுவிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இல்லாவிட்டால் இப்படித்தான் நடக்கும்: ஓட விட்டுவிட்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய், சுண்டல் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ஆசையாக வந்து பார்த்தால் அது கடவுச்சொல்லுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு நடந்திருக்கிறது.

கரண்ட் போனால்

கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் பகுதி அவசியம். 2011 டிசம்பர் 30 தானே புயலையும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலையும் பார்த்தவர்கள் நாம். ஐப்பசி, கார்த்திகையில் சின்ன மழைக்கும் கரண்ட் போகும். மேசைக் கணினியில் யூபிஎஸ் இல்லாமல் டூல்செயின் கட்ட உட்காராதீர்கள்.

அப்படியும் நடுவில் அணைந்துவிட்டால்? நிஞ்சா முடித்த வேலைகளைக் குறித்து வைத்திருக்கும். ரன் கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அணைந்த அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு காலியாகவோ பாதியாகவோ நிற்கலாம், முடிந்தது என்று குறிப்பும் இருக்கலாம். அப்போது துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்க் கட்டத்தில் கோப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறது, வடிவம் புரியவில்லை என்கிற பொருளில் ஒரு செய்தி வரும். அதில் புள்ளி ஓ என்று முடியும் கோப்பின் பெயரும் இருக்கும். அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் போதும். பில்ட் கோப்புறை முழுவதையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது பயத்தில் செய்வது.

டூல்செயின் நடுவில் நின்றிருந்தால் நான் அதை மட்டும் முழுதாக மறுபடி கட்டிவிடுவேன். அங்கே பாதிக் கிணறு தாண்டுவது சரிப்படாது.

உள்ளே போனதும்

ஜன்னல் திறந்து முகப்பு வந்ததா? அனான் என்ற பயனராக உள்ளே இருப்பீர்கள். ரூட்டாக மாற எஸ்யூ என்று அடித்தால் கடவுச்சொல்கூட கேட்காது. உருவாக்குநர் வசதிக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மவுஸ் அந்த ஜன்னலுக்குள் மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், விட்டுவிடும். மெதுவாக இருந்தால் செரினிட்டி அண்டர்ஸ்கோர் ரேம் அண்டர்ஸ்கோர் சைஸ் என்ற சூழல் மாறியில், எல்லாம் பெரிய எழுத்தில், க்யூஎமுவுக்கு ரேமைக் கூட்டிக் கொடுக்கலாம்.

நீங்கள் ரன் கொடுத்த லினக்ஸ் டெர்மினலை மூடிவிடாதீர்கள். செரினிட்டியின் கெர்னலும் நிரல்களும் உள்ளுக்குள் பேசிக்கொள்வதெல்லாம் அங்கேதான் வந்து விழும். பிழை தேடும்போது உங்கள் கண் முகப்பில் பாதி, அங்கே பாதி இருக்க வேண்டும்.

முதல் மாற்றம்

சூழல் சரியாக அமைந்ததா என்பதற்கு முகப்பு தெரிவது பாதிச் சாட்சிதான். நீங்கள் எழுதிய ஒன்று உள்ளே ஓட வேண்டும்.

யூசர்லேண்ட் கோப்புறைக்குள் யூட்டிலிட்டீஸ் என்று இருக்கிறது. சின்னச் சின்னக் கட்டளைகள் எல்லாம் அங்கே, ஆளுக்கொரு கோப்பாக. ஹூஅமை என்ற கோப்பை நகலெடுத்து வணக்கம் என்று பெயர் மாற்றுங்கள், முடிவில் புள்ளி சிபிபி. பட்டியலில் எங்கும் சேர்க்க வேண்டாம். அந்தக் கோப்புறையில் உள்ள சிபிபி கோப்புகளை எல்லாம் சீமேக் தானே பொறுக்கிக்கொள்ளும்.

திறந்து பார்த்தால் வழக்கமான மெயின் இருக்காது, செரினிட்டி அண்டர்ஸ்கோர் மெயின் என்று இருக்கும். சி பிளஸ் பிளஸின் வழக்கமான ஸ்டாண்டர்ட் நூலகத்தையும் இங்கே பார்க்க மாட்டீர்கள். ஏகே என்ற சொந்த நூலகம் வைத்திருக்கிறார்கள். பிழை வரக்கூடிய அழைப்புகளை டிரை என்ற மேக்ரோவுக்குள் சுற்றியிருப்பார்கள். கல்லூரியில் படித்த சி பிளஸ் பிளஸ் இது இல்லையே என்று தோன்றும். இரண்டு நாளில் பழகிவிடும், பழகிய பின் பழையதற்குத் திரும்ப மனசு வராது.

ப்ளெட்ஜ் என்று ஒரு வரியும் இருக்கும். ஓப்பன்பிஎஸ்டியிலிருந்து எடுத்த யோசனை. நான் இன்னின்ன வேலைகள்தான் செய்வேன் என்று நிரல் தொடக்கத்திலேயே கெர்னலிடம் வாக்குக் கொடுக்கிறது. மீறினால் கெர்னல் அந்த இடத்திலேயே தீர்த்துக்கட்டிவிடும். பயனர்பெயரை அச்சிடும் வரியை மாற்றி, அவுட்எல்என் கொண்டு ஒரு வரி அச்சிட வைத்து, ரன் கொடுங்கள். இந்த முறை புதிய கோப்பு மட்டும் கட்டப்படும். செரினிட்டியின் டெர்மினலில் வணக்கம் என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் உங்கள் வரி வரும்.

என் மருமகன் அத்தோடு நிற்காமல் அதையே ஒரு கோப்பில் எழுத வைத்தான். நிரல் உடனே செத்து, செயலிழப்பு ஜன்னல் ஒன்று முளைத்தது. "மாமா, ஓஎஸ்ஸே உடைஞ்சிருக்கு" என்று போன். லினக்ஸ் டெர்மினலைப் பார்க்கச் சொன்னேன். டபிள்யூபாத் வாக்குக் கொடுக்கவில்லை என்று கெர்னல் எழுதி வைத்திருந்தது. படிக்க மட்டும் வாக்குக் கொடுத்த நிரல் எழுதப் போயிருக்கிறது. எழுதுவதற்கான டபிள்யூபாத், கோப்பை உருவாக்குவதற்கான சிபாத் இரண்டையும் ப்ளெட்ஜ் வரியில் சேர்க்கச் சொன்னேன். நிரல் எந்தக் கோப்புகளைப் பார்க்கலாம் என்று சொல்லும் அன்வெயில் என்ற வரி இருந்தால் அதிலும் அந்தக் கோப்பின் பாதையைத் திறந்துவிட வேண்டும்.

தமிழ் எழுத்தில் அச்சிட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டீர்கள், தெரியும். எழுத்துகள் யூடிஎஃப்-8 ஆகத்தான் போகும். ஆனால் டெர்மினலின் எழுத்துருவில் வடிவம் இல்லாவிட்டால் பெட்டிதான் தெரியும். வடிவம் இருந்தால் மட்டும் போதாது: 'கொ' என்பதில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் பிரிந்து உட்கார வேண்டும், அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். விசைப்பலகை அமைப்புகள் பேஸ், ரெஸ், கீமேப்ஸ் என்ற பாதையில் ஜேசன் கோப்புகளாக இருக்கின்றன. ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்கிற நேர்ப்பொருத்தம் அது. இன்ஸ்கிரிப்ட் அமைப்பு அதற்குள் அடங்கும். தமிழ்99 அடங்காது, அதில் ஒரே விசை முன்னால் வந்த எழுத்தைப் பொறுத்து உயிராகவோ குறியாகவோ மாறும். யாருக்காவது கை அரித்தால் நல்ல வேலை காத்திருக்கிறது.

திருப்பி அனுப்ப நினைத்தால்

உங்கள் மாற்றத்தைத் திட்டத்துக்கு அனுப்ப, கிட்டில் தனிக் கிளை எடுத்து, ஒரு மாற்றத்துக்கு ஒரு கமிட் (பதிவு). கமிட் செய்தி எந்தப் பகுதி என்று தொடங்கி, முக்காற்புள்ளி வைத்து, என்ன செய்யச் சொல்கிறது என்று ஆங்கிலத்தில் சுருக்கமாக. நிரலின் எழுத்து அமைப்பைச் சீராக்கும் கிளாங்ஃபார்மட் கருவியை ஓட்டாமல் அனுப்பினால் தானியங்கிச் சோதனையே திருப்பிவிடும். முதல் அனுப்புதலில் பெரிய வசதியைக் கட்டி எழுப்பாதீர்கள், கையேட்டுப் பக்கத்தில் உள்ள ஒரு பிழையைத் திருத்தினாலும் போதும்.

ஓஎஸ்ஸை பூட் செய்யாமலே அதன் நூலகங்களை லினக்ஸில் கட்டிச் சோதிக்க லகோம் என்ற வழி இருக்கிறது. பில்ட், இடைவெளி, லகோம் என்று அதே ஸ்கிரிப்டுக்குக் கொடுங்கள். ரேம் குறைந்த கணினிக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். வெளி மென்பொருள்கள் போர்ட்ஸ் கோப்புறையில். ஒவ்வொன்றுக்குள்ளும் போய் பேக்கேஜ் ஸ்கிரிப்டை லினக்ஸ் பக்கத்திலிருந்தே ஓட்டிவிட்டு, மறுபடி ரன் கொடுத்தால் வட்டுப் படத்தில் சேர்ந்துவிடும்.

கொஞ்ச நாள் கழித்து கிட் புல் செய்யும்போது, டூல்செயின் பழையதாகிவிட்டது, மறுபடி கட்டு என்று ஸ்கிரிப்ட் கேட்கும். ராத்திரி சாப்பிட உட்காரும் முன் ரீபில்ட் கழித்தல் டூல்செயின் கொடுத்துவிட்டுப் படுங்கள். சார்ஜர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், லேப்டாப் மூடியையும் மூடாதீர்கள். மூடினால் அதுவும் தூங்கிவிடும்.